மருந்தின் அளவறிந்த மாமேதை

மனிதன் நோயுற்ற நாள் தொட்டே மருந்தையும் தேடி வந்திருக்கிறான். அவன் முதலில் நாடியது தன்னைச் சுற்றி வளர்ந்து நின்ற செடி கொடிகளையே. இலையும் வேரும், பட்டையும் விதையும் அவனுக்கு மருந்தாயின. ஒன்றால் தீராத நோய்க்கு இரண்டைச் சேர்த்தான். இரண்டால் தீராததற்கு இருபதைச் சேர்த்தான். ஆயின் அவ்வாறு சேர்ப்பதற்கு ஒரு நெறி உண்டா? சேர்த்த மருந்து பயன் தந்ததா இல்லையா என்பதை அறிய ஓர் அளவுகோல் உண்டா? தீராத நோயின் முன்னே நிற்கும் மருத்துவன் நோயாளிக்கு என்ன சொல்ல வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை காண முயன்ற பேரறிஞர் ஒருவர் இருந்தார். கீழை நாடுகள் அவரை 'அஷ்ஷெய்குர் ரயீஸ்', அதாவது அறிஞர் தலைவர், எனப் போற்றின. மேலை நாடுகள் 'அவிசென்னா' என அழைத்தன. அவரே அபூ அலீ இப்னு சீனா ஆவார்.

புற்றுநோயை மூலிகைக் கூட்டு மருந்துகளால் கட்டுப்படுத்தலாம் என்னும் பேச்சு எழும்போது, பழம்பெரும் மருத்துவர் வரிசையில் இப்னு சீனாவின் பெயரும் இன்று அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பெயரை எடுத்தாளுவோர் பலர். அவர் அந்நோயைப் பற்றியும் கூட்டு மருந்தைப் பற்றியும் உண்மையில் என்ன எழுதினார் என்று பார்ப்போர் சிலர். அவரது வாழ்க்கையையும் அவ்வாழ்க்கையில் விளைந்த அந்த எழுத்தையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

இப்னு சீனா கி.பி. 980இல் (ஹிஜ்ரி 370) புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அது உஸ்பெகிஸ்தான் நாட்டில் அடங்கும். அவர் தந்தை அப்துல்லாஹ் பல்கு நகரத்தவர். சாமானிய அரசர் நூஹ் இப்னு மன்சூரின் ஆட்சியில் கர்மைதன் என்னும் ஊரின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றிருந்தார். தாயார் சிதாரா அஃப்ஷனாவைச் சேர்ந்தவர். பின்னர் குடும்பம் புகாராவில் குடியேறியது.

பத்து வயது நிரம்புமுன் திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்த இப்னு சீனா, அரபு இலக்கியத்திலும் நல்ல பயிற்சி பெற்றார். இந்தியக் கணக்கு முறையைக் கற்க அவரைத் தந்தையார் அனுப்பியது யாரிடம் என்பது வியப்புக்குரியது. காய்கறி விற்கும் வணிகர் ஒருவரிடமே அவர் அக்கணக்கைக் கற்றார். இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்பாரிடம் மார்க்கச் சட்டத்தையும், நாத்திலீ என்னும் ஆசிரியரிடம் தருக்கம், யூக்ளிடின் வடிவ கணிதம், தாலமியின் வானநூல் ஆகியவற்றையும் பயின்றார். விரைவிலேயே மாணவர் ஆசிரியரை விஞ்சி நின்றார்.

மருத்துவத்தை அவர் கடினமான கலையாகக் கருதவில்லை. நூல்களைத் தாமே படித்துத் தேர்ந்தார். நோயாளிகளை நேரில் கண்டு சிகிச்சை அளித்தார். ஏடுகளில் காணப்பெறாத பல சிகிச்சை வழிகள் அனுபவத்தின் வாயிலாகத் தமக்குத் திறந்தன என்று தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். பதினாறாம் வயதில் மூத்த மருத்துவர்களே அவரிடம் வந்து பாடம் கேட்டனர்.

தத்துவமோ அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது முறை படித்தும் அதன் உட்கருத்து விளங்காமல் மனம் சோர்ந்திருந்தார். ஒரு நாள் புத்தகக் கடைத் தெருவில் ஒருவர் வற்புறுத்தி விற்க, மூன்று திர்ஹத்திற்கு ஒரு நூலை வாங்கினார். அல்ஃபாராபீ எழுதிய அச்சிறு நூலைப் படித்ததும் பெரிய நூலின் பொருள் புலனாயிற்று. மறுநாள் ஏழைகளுக்குத் தருமம் செய்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார். விடை தெரியாத வினா எழும்போதெல்லாம் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, தெளிவு வேண்டுவது அவர் வழக்கமாக இருந்தது.

அரண்மனை நூலகம்

அரசர் நூஹ் இப்னு மன்சூர் கடும் நோய்வாய்ப்பட்டபோது, அரண்மனை மருத்துவர்கள் பதினேழு வயது இளைஞரான இப்னு சீனாவின் பெயரை அரசரிடம் கூறினர். சிகிச்சையில் அவரும் பங்கேற்றார். அதன் பயனாக அரண்மனை நூலகத்தைப் பயன்படுத்தும் அனுமதி கிட்டியது. அறைதோறும் ஒவ்வொரு துறைக்குரிய நூல்கள் பேழைகளில் அடுக்கப்பட்டிருந்த அந்நூலகத்தில், பெயரளவில்கூடப் பலரும் கேட்டிராத ஏடுகளை அவர் கண்டார். பதினெட்டு வயதில் அக்காலத்து அறிவுத் துறைகள் அனைத்தையும் கற்று முடித்திருந்தார். அன்று கற்றதே பின்னாளிலும் தம்மிடம் இருந்ததென்றும், வயது ஏற ஏற அது முதிர்ந்ததேயன்றிப் புதிதாக ஒன்றும் சேரவில்லை என்றும் அவர் கூறியிருப்பது எண்ணத்தக்கது.

நாடோடி வாழ்க்கை

கி.பி. 999இல் புகாரா காரக்கானியர் வசமாயிற்று. சாமானிய ஆட்சி வீழ்ந்தது. சில ஆண்டுகளில் தந்தையாரும் மறைந்தார். இருபத்திரண்டு வயதளவில் இப்னு சீனா தாயகத்தை நீங்கினார். அதன்பின் அவர் வாழ்வில் நிலையான ஊர் என்று ஒன்று நெடுங்காலம் அமையவில்லை. குவாரிஸ்மின் குர்கஞ்சு நகரில் சில காலம் மார்க்க அறிஞர் உடையில் பணியாற்றினார். அங்கிருந்து நசா, அபீவர்து, தூஸ் எனப் பாலை வழியே ஊர் ஊராகச் சென்று, காபூஸ் என்னும் புரவலரை நாடி ஜுர்ஜானை நோக்கிப் பயணம் செய்தார். அவர் சென்றடைவதற்குள் காபூஸ் பதவியிழந்து சிறைப்பட்டு மாண்டார்.

எனினும் ஜுர்ஜான் அவருக்கு வேறொரு பேற்றை வைத்திருந்தது. அபூ உபைத் அல்ஜூஸ்ஜானீ என்னும் மாணவர் அங்கே அவரை வந்தடைந்தார். ஆசிரியரின் இறுதி நாள் வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் உடனிருந்தவர் இவர். இப்னு சீனா தம் இளமை வரலாற்றைச் சொல்ல எழுதியவரும், அதற்குப் பிற்பட்ட வரலாற்றைத் தாமே எழுதி நிறைவு செய்தவரும் இவரே. அல்கானூன் ஃபித் திப்பு என்னும் பெரும் மருத்துவ நூலின் தொடக்கமும் ஜுர்ஜானிலேயே நிகழ்ந்தது.

அமைச்சரும் ஆசிரியரும்

ஜுர்ஜானிலிருந்து ரய் நகருக்கும், பின்னர் ஹமதானுக்கும் இப்னு சீனா சென்றார். ஹமதானின் அரசர் ஷம்சுத் தவ்லா குடற்சூலையால் துன்புற்றபோது நாற்பது நாள் அருகிருந்து குணப்படுத்தினார். அரசர் அவரை அமைச்சராக்கினார். படையினரோ ஊதியம் பற்றிய அச்சத்தால் அவருக்கு எதிராகக் கிளர்ந்தனர். வீட்டைச் சூறையாடி, அவரைக் கொல்லுமாறும் அரசரை வற்புறுத்தினர். நண்பர் ஒருவர் வீட்டில் நாற்பது நாள் மறைந்திருந்தார். அரசருக்குச் சூலை மீண்டும் வந்தது. மறைந்திருந்தவரைத் தேடி அழைத்து மன்னிப்பு வேண்டி மீண்டும் அமைச்சராக்கினர்.

பகலெல்லாம் அரசுப் பணி. ஆகவே இரவில்தான் கல்விப் பணி. மாணவர்கள் அவர் இல்லத்தில் கூடுவர். அல்ஜூஸ்ஜானீ தத்துவப் பெருநூலான 'அஷ்ஷிஃபா'விலிருந்து படிப்பார். வேறொருவர் முறைவைத்து அல்கானூனிலிருந்து படிப்பார். இவ்வாறு நாட்டைக் காக்கும் கடமைக்கும் உயிரைக் காக்கும் அச்சத்திற்கும் இடையிலேயே அந்நூல்கள் வளர்ந்தன.

அல்கானூன்

அல்கானூன் ஐந்து நூற்பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி உடலின் அமைப்பையும் மருத்துவத்தின் பொதுவிதிகளையும் கூறும். இரண்டாம் பகுதி தனி மருந்துகளைப் பற்றியது. மூலிகைகளே அதில் மிகுதி. மூன்றாவது, தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாக நோய்களை ஆராயும். நான்காவது, காய்ச்சல், கட்டி போன்று எவ்வுறுப்பிலும் தோன்றவல்ல நோய்களை விளக்கும். ஐந்தாவது, கூட்டு மருந்துகளுக்கு உரியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு தொலேடோவில் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். 1593இல் அரபு மூலமே ரோம் நகரில் அச்சாயிற்று. ஐரோப்பியப் பல்கலைக் கழகங்கள் சிலவற்றில் பதினேழாம் நூற்றாண்டு வரை இது பாடநூலாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மருந்தைச் சோதிக்கும் ஏழு விதிகள்

ஒரு மூலிகையின் குணத்தை அறிவது எப்படி என்பதற்கு இரண்டாம் பகுதியில் இப்னு சீனா ஏழு நிபந்தனைகளை வகுத்தார். மருந்து, சூடு முதலிய புறத் தன்மைகள் ஏறாமல் இயல்பான நிலையில் இருத்தல் வேண்டும். பல நோய்கள் கலந்த உடலில் அன்றி, ஒரே நோய் உள்ள உடலில் அதனைச் சோதித்தல் வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இருவகை நோய்களிலும் அதனைப் பயன்படுத்திப் பார்த்தல் வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஒத்திருத்தல் வேண்டும். எனவே குறைந்த வலிமையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுதலே முறை. மருந்து எப்போது வினை புரிகிறது என்னும் காலத்தைக் கவனித்தல் வேண்டும். அவ்வினை எப்போதுமோ பெரும்பான்மையாகவோ நிகழ்தல் வேண்டும். எப்போதோ ஒரு முறை நிகழ்ந்தது தற்செயலாகவே கொள்ளப்படும். இறுதியாக, சோதனை மனித உடலிலேயே நிகழ்தல் வேண்டும். விலங்கின் உடலில் கண்ட பயன் மனிதனுக்கும் வாய்க்கும் என்று உறுதி கூற இயலாது.

இவ்விதிகளில் சில அவருக்கு முன்னிருந்த கிரேக்க மருத்துவர் காலனிடமிருந்து வந்தவை. எனினும் அவற்றைத் தொகுத்து, தெளிவாக்கி, மருத்துவன் மீறக்கூடாத நெறியாக நிறுத்திய பெருமை இப்னு சீனாவுக்கு உரியது.

கூட்டு மருந்தின் இலக்கணம்

கூட்டு மருந்தைப் பற்றி அவர் கொண்ட கருத்து இன்று பலருக்கும் வியப்பளிக்கும். நூற்றுக்கணக்கான கூட்டுகளைத் தொகுத்தளித்தவர், கூட்டையே முதன்மையாகக் கொள்ளவில்லை. நோய்க்கு ஏற்ற தனி மருந்து கிடைக்குமாயின் கூட்டு மருந்தை நாடத் தேவையில்லை என்பதே அவர் கொள்கை. குவாரிஸ்மில் எலும்புருக்கி நோயால் வாடிய ஒரு பெண்ணுக்கு அவர் குல்கந்து ஒன்றையே மருந்தாக விதித்தார் என்றும், நாள்பட அதனை நூறு மன்னு அளவு உண்டு அப்பெண் நலம் பெற்றாள் என்றும் அல்ஜூஸ்ஜானீ எழுதுகிறார்.

தனி மருந்து போதாதபோதே கூட்டு வேண்டும். அதற்கும் அவர் காரணங்களை வரையறுத்தார். நோயே பல தன்மை கலந்ததாக இருக்கலாம். ஒரு மருந்தின் வலிமை குறைவாக இருந்து அதற்குத் துணை தேவைப்படலாம். மிகுதியாக இருந்து அதனைத் தணிக்க வேண்டியிருக்கலாம். ஒன்றின் கேட்டை மற்றொன்று முறிக்க வேண்டியிருக்கலாம். ஒரு மருந்தை உரிய உறுப்புக்குக் கொண்டு சேர்க்க மற்றொன்று வழித்துணையாகலாம். இதயத்திற்குரிய மருந்துடன் குங்குமப்பூவைச் சேர்ப்பது இக்கருத்தால்தான். பல பொருள்கள் கலந்தபின், தனித்தனியே எதற்கும் இல்லாத புதிய குணம் ஒன்று கூட்டில் தோன்றக்கூடும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அதனாலேயே கூட்டின் குணத்தை அதன் உறுப்புகளைக் கொண்டு மட்டும் ஊகிக்கலாகாது. கூட்டையே சோதித்தறிதல் வேண்டும். சோதித்தறிந்த கூட்டு சோதிக்காததினும் சிறந்தது. சில பொருள்களால் ஆனது பல பொருள்களால் ஆனதினும் சிறந்தது என்பது அவர் முடிபு.

புற்றுநோயைப் பற்றி

நாம் 'புற்று' என்று குறிக்கும் நோயை அரபியர் 'சரத்தான்', அதாவது நண்டு, என்றனர். கட்டியைச் சுற்றி நாளங்கள் நண்டின் கால்கள்போல் பரந்திருப்பதும், பற்றிய உறுப்பை நண்டுபோல் விடாது பிடித்திருப்பதும் இப்பெயருக்குக் காரணம் என இப்னு சீனா விளக்குகிறார். வலியற்ற கடினக் கட்டிக்கும் வலியும் துடிப்பும் விரைந்த வளர்ச்சியும் உடைய புற்றுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக் காட்டினார். பெண்களின் மார்பகத்தில் இது மிகுதியாகத் தோன்றுவதையும் குறித்தார்.

தொடக்க நிலையிலுள்ள சிறிய புற்றை, அதனைச் சூழ்ந்த பகுதியோடும் நாளங்களோடும் சேர்த்து எஞ்சாமல் அறுத்தெடுக்கலாம் என்றார். ஆயினும் அதற்குப் பின்னும் அது திரும்பக் கூடும் என்பதை மறைக்கவில்லை. மார்பகம் ஒன்றை முழுமையாக நீக்கிய பின்னர் மற்றதில் புற்று தோன்றிய பழைய நிகழ்ச்சியையும் எடுத்துரைத்தார்.

அறுக்க இயலாத புற்றுக்கு மருந்து என்ன செய்யும்? இவ்விடத்தில்தான் இப்னு சீனாவின் நேர்மை ஒளிர்கிறது. மேலே இடும் மருந்துக்கு நான்கு நோக்கங்கள் உண்டு என்றார். புற்றை அடியோடு அழித்தல் முதலாவது. அது கடினம் என்று உடனே சொல்லிவிடுகிறார். மேலும் வளராமல் தடுத்தல் இரண்டாவது. புண்ணாகாமல் காத்தல் மூன்றாவது. புண்ணானால் அப்புண்ணை ஆற்றுதல் நான்காவது. வளர்ச்சியைத் தடுத்தலே பெரும்பாலும் மருத்துவன் கைக்கு எட்டும் செயல் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். கடுமையான, எரிச்சலூட்டும் மருந்துகள் புற்றின் கொடுமையை மிகுவிக்கும் என எச்சரித்தார். ரோஜா எண்ணெய், கொத்தமல்லிச் சாறு போன்ற மென்மையான தாவரப் பொருள்களைக் கழுவித் தூய்மை செய்த உலோகப் பொடிகளுடன் குழைத்துப் பூசுவதும், அஃப்தீமூன் என்னும் கொடி மருந்தைப் பாலைத் திரித்தெடுத்த தெளிநீருடன் உட்கொள்ளச் செய்வதும், உணவைச் சீர்படுத்துவதும் அவர் கூறிய வழிகள்.

இம்மருந்துகளுள் எதுவும் இன்று புற்றுநோய்க்கு மருந்தாக ஏற்கப்படவில்லை. கருப்புப் பித்தம் மிகுதலே புற்றுக்குக் காரணம் என்னும் அக்காலக் கொள்கையே அவருக்கும் அடிப்படையாக இருந்தது. அது தவறு என நாம் அறிவோம். அவர் விதித்த பூச்சுகளில் ஈயம் கலந்தவையும் உண்டு, ஈயம் நஞ்சு. இவற்றை மறைத்து அவரைப் போற்றுவது, எதையும் மறைக்காத அவருக்கு நாம் செய்யும் சிறப்பாகாது.

இழந்த ஏடுகள்

ஷம்சுத் தவ்லா 1021இல் மறைந்தபின், இஸ்ஃபஹான் அரசர் அலாவுத் தவ்லாவுடன் மறைவாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் இப்னு சீனா ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். அச்சிறையிலும் எழுதுகோல் ஓயவில்லை. குடற்சூலையைப் பற்றிய நூல் அங்கே எழுதப்பட்டது. பின்னர், தம்பியுடனும் அல்ஜூஸ்ஜானீயுடனும் சூஃபித் துறவியர் உடையில் ஹமதானை விட்டு வெளியேறி இஸ்ஃபஹானை அடைந்தார். அங்கேதான் அவருக்குச் சற்று அமைதியான காலம் வாய்த்தது. அல்கானூனும் நிறைவெய்தியது.

ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. சிகிச்சையில் தாம் நேரில் கண்டறிந்த அனுபவங்களை இப்னு சீனா தனி ஏடுகளில் குறித்து வைத்திருந்தார். அவற்றை அல்கானூனில் சேர்ப்பது அவர் எண்ணம். நூல் முடிவதற்குள் அவ்வேடுகள் தொலைந்து போயின. சோதித்தறிவதே மருந்துக்கு உரைகல் என்று விதி வகுத்தவரின் சொந்தச் சோதனைக் குறிப்புகள் நமக்குக் கிட்டாமற் போனது மருத்துவ வரலாற்றுக்கு நேர்ந்த பேரிழப்பாகும். அல்கானூனில் நாம் காண்பது அவரது கற்ற அறிவின் பெருங்கடல். கண்டறிந்த அறிவின் பெரும்பகுதி காலத்தோடு போயிற்று.

இறுதி நாள்கள்

பிறரது சூலையைத் தீர்த்தவரைச் சூலையே பற்றியது. உழைப்பிலும் இன்பத்திலும் தம் உடலைப் பேணாது செலவிட்டார் என்பதை மாணவர் அல்ஜூஸ்ஜானீ மறைக்காமல் எழுதுகிறார். அலாவுத் தவ்லாவின் படையெடுப்பு ஒன்றில் உடன்சென்றபோது நோய் கடுமையாயிற்று. படை பின்வாங்க நேர்ந்தால் தாம் பின்தங்கிவிடுவோமோ என்று அஞ்சி, விரைவில் குணமடைய விரும்பி, ஒரே நாளில் எட்டு முறை பீச்சு மருந்து செலுத்திக் கொண்டார். குடல் புண்ணாயிற்று.

பீச்சு மருந்தில் செலரி விதையை இரண்டு தானக் அளவு சேர்க்குமாறு அவர் பணித்தார். தானக் என்பது திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்கு. மருந்து கலந்த மருத்துவர் ஐந்து திர்ஹம் சேர்த்துவிட்டார். அதாவது சொன்ன அளவினும் பதினைந்து மடங்கு. வேண்டுமென்று செய்தாரா, தவறிச் செய்தாரா என்பது தமக்குத் தெரியாது என்கிறார் அல்ஜூஸ்ஜானீ. புண் மிகுந்தது. வலிப்பைத் தணிக்க இப்னு சீனா உட்கொண்டு வந்தது 'மித்ரிதாத்தூஸ்' என்னும் பழைய கூட்டு மருந்து. அவர் பொருளைக் களவாடியிருந்த பணியாளருள் ஒருவன், அகப்படுவோமோ என்னும் அச்சத்தால், அதில் அபினை மிகுதியாகக் கலந்து கொடுத்தான் என்பதும் அம்மாணவரின் பதிவே.

கூட்டு மருந்துக்கு இலக்கணம் வகுத்தவரின் உடலைக் கூட்டு மருந்தின் அளவுப் பிழையே மேலும் குலைத்தது. ஹமதானை அடைந்தபோது, உடலை ஆளும் ஆற்றல் தளர்ந்துவிட்டது, இனி மருந்து பயன்படாது என்று உணர்ந்து சிகிச்சையை நிறுத்திவிட்டார். தம் அடிமைகளை விடுதலை செய்தார்; பொருளை ஏழைகளுக்கு வழங்கினார்; திருக்குர்ஆன் ஓதுவதில் இறுதி நாள்களைக் கழித்தார் என இப்னு கல்லிகான் கூறுகிறார். கி.பி. 1037இல், ஹிஜ்ரி 428ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் அவர் உயிர் பிரிந்தது. ஹமதானில் அவர் அடக்கத்தலத்தின்மீது 1950களில் எழுப்பப்பட்ட நினைவுக் கோபுரம் இன்றும் அவர் பெயரை நினைவூட்டி நிற்கிறது.

இற்றை நாள் மருத்துவமும் அவர் நெறியும்

தாவரங்களிலிருந்து புற்றுநோய் மருந்து கிடைக்கும் என்னும் நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டில் மெய்யாயிற்று. நம் வீட்டு முற்றங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து 1950களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளின் பயனாக வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகியவை பெறப்பட்டன. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பக்லிடாக்சல் கிடைத்தது. 1992இல் அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய இழைகள் தோன்றி, பிரிவு முடிந்ததும் கலையும். வின்கிரிஸ்டின் அவ்விழைகளைத் தோன்றவிடாது. பக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாது. வழி வேறாயினும் முடிவு ஒன்றே: புற்றணுவின் பெருக்கம் தடைப்படும்.

இம்மருந்துகள் தனியே தரப்படுவதினும் வேறு வகை மருந்துகளோடு சேர்த்துத் தரப்படுவதே மிகுதி. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு 1960களில் வின்கிரிஸ்டினோடு வேறு மருந்துகளைக் கூட்டித் தரும் முறை தோன்றியது. அதற்கு முன் ஏறத்தாழக் கைவிடப்பட்ட நிலையிலிருந்த அந்நோயில், வசதி மிக்க நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர். ஒவ்வொரு மருந்தும் வெவ்வேறு வழியில் புற்றணுவைத் தாக்க வேண்டும். அவற்றின் கேடுகள் ஒரே உறுப்பின்மீது குவியாதிருக்க வேண்டும். கூட்டுக்கு இப்னு சீனா கூறிய காரணங்களோடு இவற்றை ஒப்பிட்டு நோக்குக. அதே வின்கிரிஸ்டின், நாளத்தில் செலுத்துவதற்கு மாறாகத் தவறித் தண்டுவட நீரில் செலுத்தப்பட்டால் உயிரையே போக்கும். அளவும் வழியும் தவறினால் மருந்தே நஞ்சு என்பதை இப்னு சீனாவின் இறுதி நாள்கள் அன்றே உணர்த்தின.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. மஞ்சளிலுள்ள குர்குமின் உடலில் எளிதில் சேர்வதில்லை. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் அதன் அளவு பன்மடங்கு உயர்வதாக 1998இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வு காட்டியது. ஒரு மருந்துக்கு மற்றொன்று வழித்துணையாகும் என்ற பழங்கருத்து இங்கே நினைவுக்கு வரும். இத்தகைய தாவரப் பொருள்களைச் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களின்மீது இடும்போது அவற்றின் வளர்ச்சி குறைவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆயினும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவை மனித உடலாகாது. இக்கூட்டு புற்றுநோயைத் தீர்க்கும் என்று மனிதரிடையே நிறுவப்படவில்லை. மிளகுச் சத்து வேறு மருந்துகளின் அளவையும் உடலில் மாற்றவல்லது என்பதால், சிகிச்சையிலிருப்போர் மருத்துவர் அறியாமல் அதனை மருந்தாக உண்பது இடர் தருவதாகும்.

நிறைவாக

மருத்துவமனைச் சிகிச்சையை இடையில் விட்டு, பெயர் தெரியாத பொடிகளை நம்பி, அறுத்தெடுக்கக் கூடிய காலத்தைக் கைநழுவ விடும் குடும்பங்களை நாம் நம் ஊர்களிலும் காண்கிறோம். பழைய பெருமக்கள் பெயரால் அப்பொடிகள் விற்கப்படுவதும் உண்டு. இப்னு சீனாவின் ஏழு விதிகளில் ஒன்றுக்கேனும் அவை விடை சொல்லுமா என்று கேட்பதே அவரை உண்மையில் கற்றோர் செய்யத்தக்கது. தொடக்கத்திலேயே கட்டியை அறுத்தெடுக்கச் சொன்னவர் அவர். பல பொருள் கலந்ததினும் சில பொருள் கலந்ததே நன்று என்றவர் அவர். கடினம் என்பதைக் கடினம் என்றே சொன்னவர் அவர்.

அவருடைய மருந்துகள் பழையனவாயின. மருந்தை ஆராயும் நெறி பழையதாகவில்லை. மூலிகையைப் போற்றுவோரும் புறக்கணிப்போரும் ஒருங்கே அவரிடம் கற்க வேண்டியது அந்நெறியையே. நம் மாணவச் செல்வங்களுள் நாளை மருந்தியலும் உயிரியலும் பயிலச் செல்வோர், பெருமை பேசுவதற்கு மட்டும் இப்னு சீனாவை நினையாமல், ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைக் கையில் எடுக்கும்போதும் நினைப்பார்களாக!